ஒழுங்கை வட்ஸ்அப் குழு: தோல் டொக்டர் யாரையாவது தெரியுமா?

கவியின் அம்மா (காலை 7.42): வணக்கம். திருகோணமலையில் நல்ல தோல் டொக்டர் யாரையாவது தெரியுமா? கவிக்கு இடுப்பில், பாவாடை நாடா இறுகும் இடத்தில், வட்டமாகச் சிவந்திருக்கிறது. இரண்டு மாதமாகிறது. முதலில் ஐந்து ரூபாய்க் குற்றி அளவு, இப்போது என் உள்ளங்கை அளவு. இரவு முழுக்கச் சொறிகிறாள், அவளுக்கும் நித்திரையில்லை எனக்கும் இல்லை.
[படம்]

மூலை வீட்டு மாமி: படைதான் பிள்ளை. சீமையகத்தி இலையைத் தேசிக்காய்ப் புளி விட்டு அரைத்துப் பூசு. எங்கள் அம்மா அதுதான் செய்வா.

ஓட்டோ அண்ணா: எனக்கும் போன மாதம் தொடையில் இப்படி வந்தது தங்கச்சி. பார்மசியில் ஒரு கிறீம் தந்தார்கள், மூன்றே நாளில் ஆள் இல்லை. டியூப்பைப் போட்டிருக்கிறேன் பாருங்கள், டொக்டருக்கு ஏன் வீண் காசு.
[படம்]

கவியின் அம்மா: ஐயோ அண்ணா, அதே டியூப்தான் இங்கேயும். பூசினால் இரண்டு நாள் அடங்குகிறது. விட்டால் முன்னதைவிடப் பெரிதாக வருகிறது.

நேர்ஸ் அக்கா: முதலில் பிள்ளையின் படத்தை அழியுங்கள், இந்தக் குழுவில் 63 பேர் இருக்கிறோம். அப்புறம் அந்த டியூப்பைத் திருப்பிச் சின்ன எழுத்தை வாசியுங்கள். குளோபெட்டசோல் என்று இருக்கிறதா?

[இந்தச் செய்தி நீக்கப்பட்டது]

கவியின் அம்மா: இருக்கிறது அக்கா. இன்னும் இரண்டு பெயரும் இருக்கிறது.

நேர்ஸ் அக்கா: அது கடுமையான ஸ்டீரொயிட். அரிப்பையும் சிவப்பையும் அமுக்கிவிடும், அதனால் மாறிவிட்டது என்று நினைக்கிறோம். ஆனால் படை பூஞ்சையால் வருவது. ஸ்டீரொயிட் அந்த இடத்தின் எதிர்ப்பையும் சேர்த்து அமுக்குவதால் பூஞ்சைக்கு அது விருந்து மாதிரி, சத்தமில்லாமல் பரவும். விளிம்பு அழிந்து உருவமே மாறிவிடும், பிறகு பார்க்கிற டொக்டருக்கே மட்டுக்கட்டக் கஷ்டம். சின்னப் பிள்ளையின் தோல் மெல்லியது, தொடர்ந்து பூசினால் இன்னும் மெலிந்து வரிவரியாக விழும். மாமி குறை நினைக்காதீர்கள், சொறிந்து புண்ணான இடத்தில் தேசிக்காய்ப் புளி பட்டால் எரியும்.

மூலை வீட்டு மாமி: சரி சரி. தண்ணீர் வருகிறதா யாருக்காவது? இங்கே சொட்டும் இல்லை.

ரீச்சர்: மாமி, 9 மணிக்கு வரும் என்றார்கள். கவி அம்மா, "ஸ்கின்" என்று போர்ட் பார்த்தவுடன் உள்ளே போய்விடாதீர்கள். நான் முகத்தில் மங்கு வந்தபோது அப்படி ஓரிடத்துக்குப் போய் லேபிள் இல்லாத வெள்ளை டப்பா ஒன்றில் கிறீம் வாங்கினேன். மூன்று வாரம் முகம் பளபளவென்று இருந்தது, பள்ளிக்கூடத்தில் எல்லோரும் என்ன பூசுகிறீர்கள் என்று கேட்டார்கள். நிறுத்திய கிழமையே கன்னம் சிவந்து, வெயிலில் நிற்க முடியாமல் எரிந்தது. பிறகுதான் தேடிப் பார்த்தேன், அவர் தோல் நிபுணரே இல்லை.

கவியின் அம்மா: அதை எப்படித் தேடுவது மிஸ்?

ரீச்சர்: இலங்கை மருத்துவ சபையின் இணையத்தளத்தில் பெயரைப் போட்டால் பதிவு இருக்கிறதா என்று தெரியும். எம்பிபிஎஸ் மட்டும் என்றால் பொது டொக்டர், அதில் தப்பில்லை, ஆனால் அவரைத் தோல் நிபுணர் என்று நினைத்துப் போகக்கூடாது. நிபுணர் என்றால் கொழும்பில் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் படித்து, தோல் துறையில் சான்று எடுத்திருக்க வேண்டும். சனல் பண்ணும்போது, அதாவது காசு கட்டி டொக்டரிடம் நேரம் எடுக்கும்போது, நேரடியாகவே கேளுங்கள், கோபிக்க மாட்டார்கள். கோபித்தால் அதுவே பதில்.

கொழும்புத் தம்பி: அக்கா இங்கே வாருங்கள், ஆப்பில் நானே சனல் பண்ணித் தருகிறேன்.

ரிட்டயர்ட் சேர்: ஒரு படைக்கு இரவு ரயிலில் கொழும்பு போவதா தம்பி? பெரியாஸ்பத்திரி ஓபிடியில், வெளிநோயாளர் பிரிவில், காட்டினால் தோல் கிளினிக்குக்குப் போகத் துண்டுச் சீட்டுத் தருவார்கள். காசில்லை. கியூவில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். பின்னேரம் காசு கொடுத்துச் சனல் பண்ணிப் பார்ப்பதும் பெரும்பாலும் அரச ஆஸ்பத்திரி நிபுணர்களைத்தான்.

இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. என் முழங்கையில் தேமல் மாதிரி வெளிறிய அடையாளம் ஒன்று இருந்தது. அரிப்பில்லை, நோவில்லை, ஒரு வருடம் கவனிக்கவே இல்லை. ஒருநாள் கொதிக்கும் கேத்தல் பட்டுத் தோல் பொங்கி நிற்கிறது, எனக்குத் தெரியவில்லை, பேரன்தான் காட்டினான். தொழுநோய். இதே கிளினிக்கில் 12 மாதம் குளிசை இலவசமாகத் தந்து மாற்றினார்கள். குளிசை தொடங்கினால் மற்றவர்களுக்குத் தொற்றாது என்று வீட்டு ஆட்களைக் கூப்பிட்டு விளங்கப்படுத்தியதும் அந்த டொக்டர்தான். அதற்கு முதல் நான் காட்டிய இரண்டு இடத்தில் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை, தூர இருந்தே தேமல் என்று எழுதினார்கள்.

மூலை வீட்டு மாமி: இவ்வளவு காலம் பக்கத்தில் இருந்தும் எனக்குத் தெரியாதே சேர்.

நேர்ஸ் அக்கா: சேர் சொன்னதுதான். தொட்டுப் பார்த்து, வீட்டில் வேறு யாருக்கும் இருக்கிறதா என்று கேட்கிற டொக்டரிடம் போங்கள். படை என்று சந்தேகம் வந்தால் தோலைக் கொஞ்சம் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள். அதனால் இன்று எதுவும் பூச வேண்டாம், கவி அம்மா. டியூப்பை எறியாமல் கொண்டு போங்கள், எத்தனை நாள் பூசினீர்கள் என்று கட்டாயம் கேட்பார்கள். திட்டினாலும் மறைக்காதீர்கள். துவாயைத் தனியாக வையுங்கள்.

கவியின் அம்மா: நாளைக்கே போகிறேன் அக்கா. எத்தனை மணிக்குப் போனால் நல்லது?

நேர்ஸ் அக்கா: 7 மணிக்கு முதல் நில்லுங்கள்.

ஓட்டோ அண்ணா (இரவு 9.15): தங்கச்சி, 6.30க்குக் கேட்டடியில் நிற்பேன். காசு வேண்டாம். மூன்று நாளில் போனது என்றேனே, இன்று குளிக்கும்போது பார்த்தால் மற்றத் தொடையிலும் நிற்கிறது. எனக்கும் ஒரு துண்டு எடுக்க வேண்டும்.