ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி: ஷிப்ட் வேலைக்காரர்களை எப்படி உட்கார வைப்பது?

செந்தூல் அக்கா:
கோலாலம்பூர் செந்தூலில் ஒரு கடைவீட்டு மாடியில் எங்கள் சபை. ஞாயிறு பள்ளிக்கு ஆசிரியர்கள் ஐந்தே பேர். ஒருத்தி எஸ்பிஎம் (பள்ளி இறுதித் தேர்வு) முடித்துவிட்டுக் கேஷியராக நிற்கிறாள். ஒரு தம்பி ராத்திரி கிராப் வாடகைக் கார் ஓட்டுகிறான். போன வருஷம் சனிக்கிழமை முழுநாள் பயிற்சி வைத்தோம். வந்தது இரண்டு பேர், அதில் ஒருவர் தூங்கினார். பாவம், அவரைக் குறை சொல்ல முடியாது. சிரம்பான் செமினரிக்கு (இறையியல் கல்லூரி) அனுப்பலாமே என்கிறார் போதகர். கொம்யூட்டர் ரயில் ஏறினால் போய்விடலாம், லீவு யார் தருவது?

இன்னொன்று. பாதிப் பிள்ளைகள் மலாய் வழித் தேசியப் பள்ளியில் படிக்கிறவர்கள். 23ஆம் சங்கீதத்தை ரூமியில், அதாவது ஆங்கில எழுத்தில், எழுதித்தான் மனப்பாடம் செய்கிறார்கள். ‘நான் தாழ்ச்சியடையேன்’ என்றதும் ஒரு பொடியன், “கீழே விழமாட்டேன்னு அர்த்தமா அக்கா?” என்றான். பதில் சொல்ல எனக்கே திணறியது.

பட்டர்வொர்த் தம்பி:
அக்கா, உங்கள் கதைதான் 1963இல் குவாத்தமாலாவிலும். பிழைப்பையும் குடும்பத்தையும் விட்டு விடுதிக்கு வர முடியாத சபைத் தலைவர்களிடம் அங்குள்ள பிரஸ்பிட்டேரியன் செமினரியே பாடத்தைக் கொண்டுபோனது. வீட்டில் படிப்பு, வாரம் ஒரு சந்திப்பு. நாங்களும் அப்படித்தான், புதன் ராத்திரி மாமாக் சாப்பாட்டுக் கடையில். போன ஞாயிறு வகுப்பில் என்ன சொதப்பினோம் என்பதுதான் முதல் பேச்சு. சந்திப்பை விட்டால் புத்தகம் அலமாரிக்குப் போய்விடும், அதை நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டோம்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
தம்பி சொல்வது சரி. ஆனால் எல்லாரும் மாமாக் கடையிலேயே தேறிவிட முடியாது. சபை காசு போட்டு ஒருவரையாவது முறையாகப் படிக்க அனுப்புங்கள். அவர் திரும்பி வந்து மற்றவர்களைத் தயார்படுத்தட்டும். அந்தப் பொடியனுக்கு, ‘எனக்கு ஒரு குறையும் வராது’ என்று பேச்சுத் தமிழில் முதலில் சொல்லுங்கள், வேண்டுமானால் மலாயிலும். வேத வசனம் பிறகு. ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் 1706இல் தரங்கம்பாடிக்கு வந்து, பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் படித்தவர். நம் பிள்ளைகள் பேசும் பாஷையைக் கற்க நமக்கு என்ன கௌரவக் குறைச்சல்?

செந்தூல் அக்கா:
நன்றி சார், தம்பி. கேஷியர் பிள்ளையிடம் கேட்டேன், செவ்வாய் ராத்திரி பத்து மணிக்கு வருகிறாளாம். கிராப் தம்பி ஒரு மணி நேரம் ஆப்பை அணைக்கிறேன் என்கிறான். செமினரிக்கு யார் என்று போதகர் கேட்டதும்தான் எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.