இரண்டாவது சேர் போட்டால் காத்திருப்பு குறையுமா? பல் கிளினிக் நடத்துபவர்கள் சொல்லுங்கள்

காரைக்குடி பல் மருத்துவர்:

வணக்கம். சொந்தமாகச் சின்ன கிளினிக் வைத்திருக்கிறேன். ஒரு சேர், ஒரு உதவியாளர், வரவேற்பில் ஒரு அக்கா. காலையில் கூட்டம் இருக்காது. மாலை 5 மணிக்கு ஆரம்பித்தால் 9 வரை நிமிர நேரமில்லை. அப்பாயின்ட்மென்ட் வாங்கியவரும் உட்கார்ந்திருக்கிறார், வலி தாங்காமல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நேரே வந்தவரும் உட்கார்ந்திருக்கிறார். ஆறரைக்கு வரச் சொன்னவரை ஏழே முக்காலுக்கு உள்ளே கூப்பிடுவது எனக்கே பொறுக்கவில்லை.

நேரம் இரண்டு இடத்தில் போகிறது. ஒன்று, பல்லைக் குடையும் ஏரோட்டர் இரண்டுதான் இருக்கிறது. நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவுக்குள் போனது திரும்பி வரும்வரை அடுத்தவரின் சொத்தைப் பல் காத்திருக்க வேண்டும். ஆட்டோகிளேவும் பழைய குக்கர் வகை. ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு அடுத்தவர் வாயில் வைக்கும் வேலையை நான் செய்ய மாட்டேன், அதனால் வேலை நிற்கிறது.

இன்னொன்று கிரவுன், அதாவது பல்லுக்கு மேல் போடும் உறை. அதைச் செய்துதரும் லேபிலிருந்து வருவதில் பாதிக்கு மேல் ஹை பாயின்ட், கடித்தால் ஓர் இடம் மட்டும் உயரமாக இடிக்கும். பேப்பரைக் கடிக்கச் சொல்லி, தேய்த்து, திரும்பவும் கடிக்கச் சொல்லி, பத்து நிமிட வேலை அரைமணி ஆகிறது. கிரவுன் பல்லுக்கு ரப்பர் போல இறுகும் அடிஷன் சிலிக்கானில் அளவு எடுக்கிறேன், எதிர்வரிசைக்குத் தண்ணீரில் கலக்கும் ஆல்ஜினேட். ஈரப் பஞ்சு சுற்றி வைத்துவிடுவோம், மறுநாள் காலை லேப் தம்பி வண்டியில் வந்து வாங்கிக்கொண்டு போவார்.

சேர் விற்பவர் இன்னொரு சேர் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். லோன் போடலாமா?

கோவை மூத்த டாக்டர்:

இப்போதைக்கு வேண்டாம் டாக்டர். உங்களுக்கு வேலை நிற்பது சேர் இல்லாததால் இல்லை, கருவி திரும்பி வராததால். இரண்டாவது சேர் போட்டாலும் அதே இரண்டு ஏரோட்டருக்கு இரண்டு பேர் வாயைத் திறந்து காத்திருப்பார்கள்.

அந்தப் பணத்தில் ஒரு பகுதியை ஆட்டோகிளேவில் போடுங்கள். 134 டிகிரியில் கிருமி சாக மூன்று, நான்கு நிமிடம் போதும். ஆனால் சூடேறி, அழுத்தம் இறங்கி, காய்ந்து கையில் வர அரைமணிக்குக் குறையாது. குக்கர் வகையில் உள்ளே இருக்கும் காற்றை வாக்குவம் இழுக்காது. ஏரோட்டரோ உள்ளே குழாய் ஓடும் கருவி, காற்று தங்கிய இடத்துக்கு நீராவி போகாது. கருவியைப் போட்டு மூடும் பவுச்சும் ஈரமாக வெளியே வரும், ஈரப் பவுச் கிருமியைத் தடுக்காது. அதனால் வாக்குவத்தில் காற்றை இழுத்துவிடும் பி கிளாஸ் ஆட்டோகிளேவ் வாங்குங்கள். ஆட்டோகிளேவுக்குள் வைக்கும் டேப் நிறம் மாறினால் சூடு பட்டது என்றுதான் பொருள். வாரம் ஒருமுறை, சூட்டைத் தாங்கும் கிருமியை உள்ளே வைத்துப் பார்க்கும் ஸ்போர் டெஸ்ட் வைத்தால்தான் கிருமி செத்ததா என்று தெரியும்.

அப்புறம் ஏரோட்டர். ஆட்டோகிளேவ் ஒரு சுற்று முடிவதற்குள் எத்தனை பேருக்குத் தேவைப்படுகிறது என்று ஒரு வாரம் எழுதிப் பாருங்கள், அதற்கு மேல் ஒன்று கூடுதலாக வாங்குங்கள். உள்ளே போகும் முன் எண்ணெய் விட உதவியாளருக்குப் பழக்குங்கள், இல்லையென்றால் பேரிங் சீக்கிரம் போய்விடும்.

கருவிகளை அடுக்கும் ட்ரே விஷயத்தை யாரும் பெரிதாக நினைப்பதில்லை, எனக்கு அதுதான் முக்கியம். ஃபில்லிங்குக்கு ஒன்று, ரூட் கெனாலுக்கு ஒன்று, பல் எடுக்க ஒன்று என்று காலையிலேயே கட்டி வைக்கச் சொல்லுங்கள். காலைதான் உங்களுக்குச் சும்மா இருக்கிறதே. நடுவில், ஃபில்லிங்குக்குப் பல்லைச் சுற்றிப் போடும் மேட்ரிக்ஸ் பேண்ட் தேடி உதவியாளர் டிராயரைத் திறக்கிறார் என்று வையுங்கள். கிளவுஸில் இருக்கும் எச்சிலும் ரத்தமும் அந்தக் கைப்பிடியில் ஒட்டும், அடுத்து அதே கைப்பிடியைச் சுத்தமான கை தொடும். அங்கே போவது நேரம் மட்டும் இல்லை.

வலியோடு வருபவர்களுக்கென்று மாலையில் இரண்டு கால்மணி நேரத்தை யாருக்கும் கொடுக்காமல் விட்டு வையுங்கள். எப்படியும் வருவார்கள். ஓய்வு பெற்றவர்களையும் இல்லத்தரசிகளையும் காலைக்குத் திருப்பச் சொல்லி அக்காவிடம் சொல்லுங்கள். கீழ்த்தாடைக்கு ஊசி போட்டு மரக்கும் அந்த மூன்று, ஐந்து நிமிடத்தில் கேஸ் ஷீட் எழுதிவிடலாம். ஆனால் பக்கத்திலேயே இருந்து எழுதுங்கள், சிலருக்கு அப்போதுதான் மயக்கம் வரும்.

மதுரை லேப் டெக்னீஷியன்:

கிரவுன் பற்றி நான் சொல்கிறேன் மேடம். ஹை பாயின்ட் வந்தால் டாக்டர்கள் முதலில் லேபைத்தான் மாற்றுவார்கள். உங்கள் விஷயத்தில் லேப் மாறினாலும் இது தீராது.

ஆல்ஜினேட் காய்ந்தால் சுருங்கும், தண்ணீர் சொட்டும் பஞ்சில் கிடந்தால் ஊதும். இரவு முழுக்க இருந்துவிட்டு எங்களிடம் வரும்போது எதிர்வரிசை மாடலே தப்பாகத்தான் விழும். அந்தத் தப்பான பல்லுக்குப் பொருத்தித்தானே நாங்கள் கிரவுன் கட்டுகிறோம்? எடுத்த கால்மணி நேரத்துக்குள் மாடலுக்கான ஸ்டோன் மாவைக் கரைத்து ஊற்றிவிடுங்கள். மேல், கீழ்ப் பல் எப்படிக் கடிக்கிறது என்று பதியும் பைட் ரெஜிஸ்ட்ரேஷனும் கட்டாயம் வேண்டும், பாதிப் பேர் அனுப்புவதே இல்லை.

ஷேடை, அதாவது பல்லின் நிறத்தை, பல்லைத் தேய்ப்பதற்கு முன்னாலேயே பார்த்துவிடுங்கள். வாயைத் திறந்தபடி நேரம் போனால் பல் காய்ந்து வெளுப்பாகத் தெரியும். முடிந்தால் பகல் வெளிச்சத்தில் ஜன்னல் பக்கம். நிற மாதிரியான ஷேட் டேபைப் பல்லுக்குப் பக்கத்தில் பிடித்து ஒரு படம் எடுத்து அனுப்பினால் எங்களுக்குப் பெரிய உதவி.

ஒன்று விட்டுப்போச்சு. சிர்கோனியா கிரவுனைத் தேய்த்தால் அதற்கென்று இருக்கும் ரப்பர் பாலிஷர் போட்டு வழவழப்பாக்கிய பிறகே ஒட்டுங்கள். சொரசொரப்பாக விட்டால் எதிரில் இருக்கும் சொந்தப் பல்லை அது தேய்த்துத் தின்றுவிடும்.

காரைக்குடி பல் மருத்துவர்:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. லோனை நிறுத்தி வைக்கிறேன், ஆட்டோகிளேவுக்கு விலை கேட்கச் சொல்லியாச்சு. ஒரு சந்தேகம். இரவு எட்டரைக்கு அளவு எடுத்தால் ஸ்டோன் ஊற்ற ஆள் இல்லை. உதவியாளருக்குக் கடைசி பஸ் இருக்கிறது, அவளை நிறுத்தி வைக்க எனக்கு மனமில்லை.

மதுரை லேப் டெக்னீஷியன்:

அப்படியென்றால் ஒற்றைக் கிரவுனுக்கு, மேல், கீழ் இரண்டுக்கும் சேர்த்து அளவு எடுக்கும் டூயல் ஆர்ச் ட்ரே வாங்கிப் பாருங்கள் மேடம். ஒரே கடியில் கிரவுன் பல், எதிர்ப்பல், பைட் மூன்றும் உங்கள் சிலிக்கானிலேயே வந்துவிடும், காலை வரை இருந்தாலும் அளவு மாறாது. கடைசிப் பல்லுக்கும் பிரிட்ஜுக்கும் மட்டும் அது வேண்டாம். அந்தக் கேஸ்களைக் காலையில் வரச் சொல்லுங்கள்.