ஆவுளியாவின் (கடற்பசுவின்) குரலை இறால் சத்தத்திலிருந்து பிரிப்பது எப்படி?

இலங்கையின் வடக்கே, இரணைதீவுக் கடற்புல் வெளியில் ஆவுளியாவின் குரலைப் பதிவுசெய்ய மூன்று வாரமாக முயல்கிறேன். கிடைப்பதெல்லாம் சொடுக்கு இறாலின் சத்தம்: காய்ந்த சட்டியில் கடுகு வெடிப்பதுபோல, ஓயாமல்.

கருவி எச்2ஏ ஹைட்ரோபோன் (நீருக்கடி மைக்), சூம் எச்1 ரெக்கோடர், மாதிரி வீதம் 44.1 கிலோஹேர்ட்ஸ். ஆழம் ஒன்றரைப் பாகம் (ஒன்பது அடி). என்ஜினை நிறுத்தினேன், வயரில் ரப்பர் சுற்றினேன், விடியலிலும் இரவிலும் இறக்கிப் பார்த்தேன் (இரவில் இறால் இன்னும் மும்முரம்). ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் 3 கிலோஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டியும் பயனில்லை. ஆவுளியா கீச்சிடுவது 3 முதல் 18 கிலோஹேர்ட்ஸ் வரை, இறால் வெடிப்பதும் அங்கேதான். ஒருநாள் இருபது அடி தூரத்தில் மூச்சுவிட எழுந்த மூக்கையே கண்டேன். அந்த நிமிடத்துப் பதிவிலும் கடுகுதான்.

இரண்டையும் பிரிக்க, இலவச மென்பொருளில் எந்த வடிகட்டி கைகொடுக்கும்?