வெயில் ஏறினால் வண்டி நின்றுவிடுகிறது, பாபநாசத்திலிருந்து திரும்பும்போது மட்டும்! உதவுங்கள்

பாளை ரைடர் (ஞாயிறு இரவு)

எல்லாருக்கும் வணக்கம். 150 சிசி வண்டி, 2013 மாடல், கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்புமே, அது) வைத்தது. 68,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கம்பெனி பேரைச் சொல்லவில்லை. சொன்னால் என் கேள்வியை விட்டுவிட்டு எந்த வண்டி ஒசத்தி என்று ஆரம்பித்துவிடுவீர்கள்.

எனக்கு வெயில் காலத்தில் வண்டி ஓட்டத்தான் பிடிக்கும். வீட்டில் கிறுக்கன் என்கிறார்கள். ஞாயிறு காலை நாலே முக்காலுக்குப் பாளையங்கோட்டையில் கிளம்பினால் பேட்டை தாண்டும்போதும் இருட்டாகத்தான் இருக்கும். சேரன்மகாதேவி பக்கம் வாழைக்குத் தண்ணீர் பாய்ந்திருந்தால் அந்த இடத்தில் மட்டும் முழங்காலில் சில்லென்று ஒரு காற்று அடிக்கும், அரை நிமிடம்தான், அடுத்த வளைவில் காணாமல் போய்விடும். கல்லிடைக்குறிச்சி வருவதற்குள் மலை நீலமாகத் தெரியும். பாபநாசத்தில் ஆற்றுக் குளியல், விக்கிரமசிங்கபுரத்தில் இட்லி. பத்தரை மணிக்குத் திரும்புவேன்.

பிரச்சினை திரும்பும்போதுதான். வீரவநல்லூர் தாண்டி, காருகுறிச்சி வருகிற நேரம், முதலில் இழுவை குறையும். அப்புறம் மிஸ்ஸிங், இன்ஜின் விட்டு விட்டு ஓடும். சோக் போட்டால் ஒரு இருநூறு மீட்டர் போகும். பிறகு சுத்தமாக நின்றுவிடும். மரத்தடியில் கால் மணி நேரம் நிறுத்தினால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். நாலு ஞாயிறாக இதே கதை. காருகுறிச்சி என்றால் ஊருக்கெல்லாம் நாகஸ்வரம் நினைவுக்கு வரும், எனக்கு வண்டி தள்ளியதுதான்.

இதுவரை மாற்றியது: பிளக், காயில், ஏர் ஃபில்டர். கார்புரேட்டர் இரண்டு முறை கழுவியாயிற்று. மொத்தம் 1,850 ரூபாய். ஆனால் மெக்கானிக் கையில் கொடுத்தால் நிற்கவே நிற்காது. அவர் பட்டப்பகலில் கேடிசி நகர் வரை ஓட்டிப் பார்த்துவிட்டு, "வண்டி சுத்தமா இருக்கு தம்பி, வெயில்லதான் கோளாறு" என்கிறார்.

டவுன் பையன்

வேப்பர் லாக் ப்ரோ. வெயிலில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி அடைத்துக்கொள்ளும். குழாயில் ஈரத்துணி சுற்றிப் பாருங்க. இல்லையென்றால் எத்தனால். இப்போது வருகிற பெட்ரோலில் 20 சதவீதம் அந்த ஆல்கஹால்தானே. பெட்ரோல் எங்கே போடுகிறீர்கள்?

பாளை ரைடர்

திரும்பும்போது அம்பாசமுத்திரத்தில் ஃபுல் டேங்க் போடுவேன். நீங்கள் கேட்டதும்தான் உறைக்கிறது: போன மாதம் ஒரு ஞாயிறு பெட்ரோல் போடாமல் வந்தேன், அன்றைக்குப் பேட்டை வரை வந்துதான் நின்றது. அப்போ பெட்ரோலில்தான் கோளாறோ? வேறு பங்கிலும் போட்டுப் பார்த்தேனே, அதிலும் காருகுறிச்சிதான்.

சைலன்சர் சுடலை

பங்கைத் திட்டுவதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். அடுத்த தடவை நின்றால் கிக்கரைப் போட்டு மிதிக்காமல், நிற்பது பெட்ரோலாலா கரண்ட்டாலா என்று பிரித்துப் பாருங்கள். பையில் ஒரு ஸ்பேர் பிளக் வைத்துக்கொள்ளுங்கள். நின்றவுடனே, ஆறவிடாமல், பிளக் கேப்பில் அதை மாட்டி, அடிப்பகுதி இன்ஜின் இரும்பில் பட வைத்து, செல்ஃப் அடியுங்கள். நீலமாகப் பொறி வந்தால், பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கிற காயில், அதை நேரம் பார்த்து விடுகிற சிடிஐ பெட்டி, இரண்டும் சரி. பெட்ரோல் சிந்தின இடத்தில் இதைச் செய்யாதீர்கள். கால் மணி நேரம் கழித்துப் பார்த்துப் புண்ணியம் இல்லை, சூட்டில் செத்து ஆறினால் பிழைக்கிற காயிலும் உண்டு.

கழற்றின பழைய பிளக் என்ன நிறத்தில் இருந்தது?

பாளை ரைடர்

வெள்ளையாக இருந்தது அண்ணே. சுண்ணாம்பு பூசின மாதிரி.

ஸ்பேனர் அண்ணாச்சி

இப்போதுதான் படித்தேன். வெள்ளை பிளக் என்றால் இன்ஜினுக்குப் பெட்ரோல் போதவில்லை. சோக் போட்டால் காற்று குறைந்து பெட்ரோல் கூடும், அப்போது கொஞ்ச தூரம் ஓடுவதும் அதைத்தான் சொல்கிறது. டவுன் தம்பி சொன்ன வேப்பர் லாக் இந்த மாதிரி வண்டியில் லேசில் வராது, குழாயே ஒரு சாண் நீளம்தான். எத்தனாலைக் குறை சொல்ல வேறு விஷயம் இருக்கிறது, தண்ணீரை இழுக்கும், பழைய ரப்பரை ஊற வைக்கும். ஆனால் கால் மணி நேரத்தில் தானாகச் சரியாகிற நோய் அது இல்லை.

தம்பி, மூன்று கேள்வி. ஒன்று, இந்தக் கோளாறு எப்போது ஆரம்பித்தது, அதற்கு முந்தின வாரம் வண்டியில் புதிதாக எதை மாட்டினீர்கள்? இரண்டு, நின்றபோது டேங்க் மூடியைத் திறந்து பார்த்ததுண்டா? மூன்று, மெக்கானிக் வேலையை ஆரம்பிக்கும்போது வண்டியிலிருந்து முதலில் எதைக் கழற்றி ஓரமாக வைக்கிறார்?

பாளை ரைடர்

அண்ணாச்சி, மூடியைத் திறந்ததில்லை. பெட்ரோல்தான் நிறைய இருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

புதிதாக மாட்டியது… டேங்க் கவர். ஏப்ரலில் வெயிலில் நிறுத்திவிட்டு ஏறினால் தொடை வெந்தது, அதனால் ரெக்ஸினில் ஸ்பாஞ்ச் வைத்துத் தைத்து வாங்கினேன். மூடிக்கு மேலே ஒரு மடிப்பு வரும், ஒட்டுப் பட்டை வைத்து இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். மெக்கானிக் முதலில் அதைத்தான் கழற்றி ஆணியில் மாட்டுவார். ஏன் அண்ணாச்சி, அதுவா?

ஸ்பேனர் அண்ணாச்சி

அதுவாகத்தான் இருக்கும். மூடியில் மூச்சு விட ஒரு ஓட்டை உண்டு, சாவி போடுகிற இடத்தை ஒட்டி ஊசி நுழையும் அளவு. உங்கள் வண்டியில் டேங்குக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் பம்ப் கிடையாது. பெட்ரோல் தன் கனத்தில்தான் இறங்குகிறது. இறங்கின அளவுக்குக் காற்று உள்ளே போகணும். எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் குடக் குடக் என்று நின்று நின்று வரும், எதிர்மூலையில் இன்னொன்று குத்தினால்தான் சீராக ஊற்றும். அந்த இரண்டாவது ஓட்டையை நீங்கள் ரெக்ஸின் போட்டு மூடிவிட்டீர்கள்.

ஃபுல் டேங்க் கணக்கும் இதிலேயே வந்துவிடும். கழுத்து வரை நிரப்பினால் உள்ளே காற்றுக்கு ஒரு டம்ளர் இடம்தான் மிச்சம். கொஞ்சம் பெட்ரோல் இறங்கியதுமே உள்ளே இழுப்பு வந்துவிடும், பெட்ரோல் கீழே வராது. பாதி டேங்கில் காற்று நிறைய, அது பேட்டை வரை தாக்குப்பிடித்தது. காலையில் ரெக்ஸின் விறைப்பாக இருக்கும், இடுக்கு வழியாகக் காற்று போயிருக்கும். பதினோரு மணி வெயிலில் இளகி மூடியோடு அப்பளமாக ஒட்டிக்கொள்கிறது.

பாளை ரைடர்

ஒரு சந்தேகம் அண்ணாச்சி. வெயிலில் பெட்ரோல் ஆவியாகி உள்ளே அழுத்தம் கூடத்தானே வேண்டும்? இழுப்பு எப்படி வரும்?

ஸ்பேனர் அண்ணாச்சி

நல்ல கேள்வி. நிறுத்தி வைத்தால் கூடும், அதனால்தான் கால் மணி நேரத்தில் மறுபடி ஓடுகிறது. டேங்க் சூடேறி ஆவி சேரும், இடுக்கில் கொஞ்சம் காற்றும் கசியும், பெட்ரோல் இறங்கும். நீங்கள் இன்ஜின் ஆறியது என்று நினைத்தீர்கள். ஓடும்போது பெட்ரோல் போய்க்கொண்டே இருக்கிறது, அந்த வேகத்துக்கு ஆவி ஈடுகொடுப்பதில்லை. பெட்ரோலைத் தள்ளுவது ஒரு சாண் உயரம்தானே, அதை நிறுத்த ரொம்ப இழுப்பு வேண்டாம்.

சோதனை சுலபம். நின்றவுடனே கவரை விலக்கி மூடியை மெதுவாகத் திறங்கள், காதை வைத்துக் கேளுங்கள். உஸ் என்று காற்று உள்ளே போனால் முடிந்தது. முகத்தை மேலே நீட்டாதீர்கள், நிறுத்திச் சூடான டேங்க் என்றால் வெளியே பீய்ச்சும். பக்கத்தில் பீடி ஆசாமி நின்றால் தள்ளிப் போகச் சொல்லுங்கள். கார்புரேட்டர் அடியில் இருக்கிற திருகைத் திறந்து பார்க்கச் சொல்லி யாராவது வருவார்கள், நடுரோட்டில் வேண்டாம், சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் கொட்டும்.

வீட்டுக்கு வந்ததும் மூடி ஓட்டையையும் பார்த்துவிடுங்கள், தூசி இருந்தால் காற்றடித்து எடுங்கள். மூடியைச் சுற்றி மழைத்தண்ணீர் இறங்க இன்னொரு ஓட்டை இருக்கும், அடியில் குழாய் போகும். அது வேறு, இது வேறு. போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அம்பை ஸ்கூட்டர்

வண்டியைப் பற்றி அண்ணாச்சி சொல்லிவிட்டார். நான் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறேன், வண்டிக்காரரைப் பற்றி ஒன்று கேட்கிறேன். தம்பி, என்ன சட்டை போட்டுக்கொண்டு போகிறீர்கள்?

பாளை ரைடர்

அரைக்கை டீ ஷர்ட்தான் அக்கா. காற்று நல்லாப் படட்டுமே.

அம்பை ஸ்கூட்டர்

நினைத்தேன். காலை ஆறு மணிக்கு அந்தக் காற்று நல்லது. பதினோரு மணிக்கு வருகிற காற்று நம் தோலைவிடச் சூடு. அது தன்னால் குளிர வைக்காது, வேர்வை காய்வதில்தான் குளிர்ச்சி, அந்த வேர்வையையும் சீக்கிரம் உறிஞ்சிக்கொண்டு போய்விடும். உடம்பு நனையாததால் வேர்க்கவில்லை என்று நினைப்போம், உள்ளே தண்ணீர் குறைந்துகொண்டே இருக்கும். முழுக்கை பருத்திச் சட்டை, கொஞ்சம் தொளதொளவென்று. கழுத்தில் நனைத்த துண்டு, நுனி பறக்காமல் சட்டைக்குள் செருகிக்கொள்ளுங்கள், சக்கரத்தில் சிக்கும். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் அரை மணிக்கு ஒரு தடவை நாலு மடக்குக் குடியுங்கள், உப்புப் போட்ட மோர் இன்னும் நல்லது. தலைவலி, குமட்டல், வெயிலில் இருக்கும்போதே சிலிர்ப்பு, இதில் ஒன்று வந்தாலும் நிழலில் உட்கார்ந்துவிட வேண்டும். பேச்சு குழறினால் 108 கூப்பிட வேண்டியதுதான், வீடு பக்கம்தானே என்று ஓட்டக்கூடாது.

நாலு ஞாயிறும் வண்டி நின்றதால் கால் மணி நேரம் மரத்தடியில் உட்கார்ந்தீர்களே, அது உங்களுக்கு நல்லதுதான் செய்திருக்கும்.

காவல்கிணறு காத்து

டயரையும் பாருங்க. காத்து விடிகாலையில், டயர் ஆறியிருக்கும்போது பிடிக்கணும். மத்தியானம் அளந்துவிட்டுக் கூடுதல் என்று இறக்கிவிட்டால் சாயங்காலம் குறைவாக நிற்கும். எங்க பக்கம் வந்தால் வெயிலைவிடப் பக்கக்காத்துக்குத்தான் பயப்படணும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காத்து வண்டியை ஒரு முழம் தள்ளிவிடும். காத்தாடி இவ்வளவு எதுக்கு நட்டு வச்சிருக்கான்?

பாளை ரைடர் (அடுத்த ஞாயிறு இரவு)

அண்ணாச்சி! உஸ்!

வேண்டுமென்றே பழையபடி செய்தேன். அம்பாசமுத்திரத்தில் ஃபுல் டேங்க், மடிப்பை அழுத்தி ஒட்டினேன், கிளம்பினேன். காருகுறிச்சிக்கு ஒரு கிலோமீட்டர் முன்னாலேயே மிஸ்ஸிங். ஓரமாக நிறுத்தி மடிப்பைப் பிரித்தால் ரெக்ஸின் அடியில் மூடியின் வட்டமும் சாவித் துவாரமும் அச்சுப் போட்ட மாதிரி பதிந்திருக்கிறது. மூடியைத் திருப்பியதும் நீளமாக ஒரு உஸ். மூடினேன், செல்ஃப் தொட்டேன், ஸ்டார்ட். கவரைச் சுருட்டிப் பைக்குள் போட்டுவிட்டு அங்கிருந்து பாளையங்கோட்டை வரை நிற்கவே இல்லை.

1,850 ரூபாயையும் 450 ரூபாய்க் கவரையும் சேர்த்து வீட்டில் சொல்லவில்லை. தொடை சுடுவதற்கு மட்டும் ஒரு வழி சொல்லுங்கள்.

ஸ்பேனர் அண்ணாச்சி

கவரைத் தூக்கிப் போட வேண்டாம். மடிப்பை மட்டும் வெட்டச் சொல்லுங்கள், மூடி முழுசாக வெளியே தெரியணும். நிறுத்துகிற நேரத்துக்குப் பழைய வேட்டித் துண்டை நனைத்துப் போட்டாலும் போதும். பழைய காயிலை வாங்கி வைத்திருக்கிறீர்களா? எறிந்துவிடாதீர்கள், அது நல்ல காயில்.

சைலன்சர் சுடலை

மெக்கானிக்கிடம் சொன்னீர்களா?

பாளை ரைடர்

சொன்னேன் அண்ணே. "நான்தான் முதல்லயே சொன்னேனே, வண்டி சுத்தமா இருக்குன்னு" என்றார்.

இன்னொன்று. நாலு வாரமாக நான் நிறுத்துகிற மரத்தடியில் ஒரு பாட்டி நுங்கு விற்பார்கள். வண்டி நின்ற கோபத்தில் முதல் வாரம் வாங்கவில்லை, அப்புறம் பழகிவிட்டது. அரிவாளால் ஒரே சீவு, மூன்று கண் திறக்கும், கட்டைவிரலை விட்டு நெம்பினால் தண்ணீரோடு வரும். இன்றைக்கு வண்டி நன்றாக ஓடுகிற சந்தோஷத்தில் அந்த மரத்தைத் தாண்டிப் போய்விட்டேன். "ஏய்யா, இன்னைக்கு வண்டி நிக்கலியா?" என்று பின்னாலிருந்து சத்தம். திருப்பிக்கொண்டு வந்து நிறுத்திவிட்டேன். ஆறு நுங்கு, அக்கா சொன்ன கால் மணி நேரமும் ஆயிற்று.