வெயிலில் மடியில் கம்பளி தாங்கவில்லை. என்ன பின்னலாம்?

பாதிப்போர்வை:
போன குளிர்காலத்தில் ஒரு போர்வை ஆரம்பித்தேன். தடித்த கம்பளி நூல், வட்ட ஊசி, வரிசைக்கு 180 கண்ணி, அதாவது ஊசியில் 180 நூல் வளையம். அப்போது பின்னப் பின்ன முழங்கால் கதகதப்பாக இருந்தது. பாதி அந்தச் சுகத்துக்காகவே பின்னினேன். இப்போது அதே போர்வை மடியில் கிடந்து என்னை வேகவைக்கிறது. உள்ளங்கை வியர்த்து நூல் ஊசியோடு ஒட்டிக்கொள்கிறது, ஒவ்வொரு கண்ணியையும் கட்டைவிரலால் தள்ள வேண்டியிருக்கிறது. நேற்று நாலு வரிசைக்கு முக்கால் மணி நேரம்!

இந்தக் கோடையில் எங்கும் போவதாக இல்லை. மத்தியானம் திரையை இழுத்துவிட்டு, மின்விசிறிக்கு நேர் கீழே தரையில் உட்கார்ந்து, எதையாவது கேட்டபடி பின்ன வேண்டும். இவ்வளவுதான் திட்டம். பருத்தி நூலில் ஒருமுறை கையில்லாத மேல்சட்டை பின்னினேன். முடித்தபோது இடுப்புவரை இருந்தது. துவைத்துத் தொங்கவிட்டேன், தொடைக்கு இறங்கிவிட்டது. இப்போது அதைப் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறேன். அதனால் பருத்தி என்றாலே கொஞ்சம் பயம். நீங்கள் எல்லாம் வெயில் காலத்தில் என்ன பின்னுகிறீர்கள்?

ஊசிமுனை:
முதலில் போர்வையைத் தூக்கி வையுங்கள். ஊசியோடு அப்படியே வைக்காமல், கண்ணிகளை வேறு நிற நூலில் கோத்துவிட்டு ஊசியை உருவிக்கொள்ளுங்கள். ஊசி என்ன அளவு, எந்த வரிசையில் நிறுத்தினீர்கள் என்று ஒரு சீட்டில் எழுதி உள்ளேயே போடுங்கள். நான் ஒருமுறை எழுதாமல் வைத்துவிட்டு, 4 மி.மீ.யா 4.5 மி.மீ.யா என்று தெரியாமல் அரை ஸ்வெட்டரைப் பிரித்திருக்கிறேன். வியர்வை பட்டிருந்தால் அலசி நன்றாகக் காயவைத்து மூடி வையுங்கள். அந்துப்பூச்சியின் புழுக்களுக்கு அழுக்குப் படிந்த கம்பளி என்றால் கொண்டாட்டம்.

மேல்சட்டை நீண்டதில் உங்கள் கைத்தவறு எதுவும் இல்லை. கம்பளி இழை இயல்பிலேயே நெளிநெளியாக இருப்பதால் இழுத்தாலும் பழைய இடத்துக்கு வந்துவிடும். பருத்திக்கு அந்தக் குணம் கிடையாது, போதாக்குறைக்குக் கனமும் அதிகம். நனைந்ததைத் தொங்கவிட்டால் தன் எடையே அதை இழுத்துவிடும். பருத்தியில் பின்னியதைத் துண்டின்மேல் பரப்பித்தான் காயவைக்க வேண்டும். அடுத்த தடவை 15 செ.மீ. சதுரத்தில் மாதிரித் துண்டு பின்னி, துவைத்து, உலர்ந்ததும் கீழ் விளிம்பில் துணிக் கிளிப்புகளை மாட்டி ஒரு நாள் தொங்கவிட்டு, அப்புறம் அளந்து பாருங்கள்.

நாலுகண்ணி:
அளவே முக்கியமில்லாத ஒன்றைப் பின்னினால் பயம் போய்விடும். பாத்திரம் துடைக்கிற துணி!

4 கண்ணியில் தொடங்குங்கள். ஒரு வரிசை சும்மா நிட், அதாவது சாதாரண நேர்க்கண்ணி. அடுத்த வரிசையிலிருந்து: 2 நிட், நூலை ஒரு சுற்று ஊசிமேல் போடுங்கள், மிச்சம் முழுக்க நிட். வரிசைக்கு ஒரு கண்ணி கூடிக்கொண்டே போகும், ஓரத்தில் குட்டி ஓட்டைகள் வரிசையாக வரும். 44 கண்ணி ஆனதும் திரும்பி இறங்குங்கள்: 1 நிட், இரண்டைச் சேர்த்து ஒன்று, ஒரு சுற்று, மறுபடி இரண்டைச் சேர்த்து ஒன்று, மிச்சம் நிட். 4 கண்ணி ஆனதும் முடித்துவிடலாம். பர்ல் (நிட்டுக்கு மறுபக்கக் கண்ணி) கிடையாது, கணக்கும் கிடையாது, தூக்கக் கலக்கத்திலும் பின்னலாம். நூலுக்குச் செலவு எதற்கு? அந்த மேல்சட்டையைப் பிரியுங்கள்.

மெல்லியநூல்:
இரண்டு விஷயம். வியர்க்கிற கைக்கு மூங்கில் ஊசி எடுங்கள். என் கையில் உலோகம் பிசுபிசுக்கிற அளவுக்கு அது பிசுபிசுப்பதில்லை. துடைக்கிற துணிக்குப் பளபளக்கிற மெர்சரைஸ்டு பருத்தி வேண்டாம். அது 1844இல் ஜான் மெர்சர் கண்டுபிடித்த முறை, நூலைக் காரக் கரைசலில் முக்கி எடுப்பார்கள். சாயம் நன்றாகப் பிடிக்கும், பார்க்க அழகு. துடைக்க எனக்கு மங்கலான சாதாரணப் பருத்திதான் சரிப்படுகிறது.

பாதிப்போர்வை:
எல்லோருக்கும் நன்றி. பத்து நாளில் மூன்று துணி ஆகிவிட்டது. முதலாவது சதுரம். இரண்டாவதில் நடுவே தூங்கிவிட்டேன் போலிருக்கிறது, ஓரிடத்தில் சுற்றுப் போட மறந்து ஓட்டை வரிசைக்கு ஒரு பல் விழுந்த மாதிரி இருக்கிறது. பிரிக்கவில்லை. மூன்றாவதில் நழுவிய கண்ணி ஐந்து வரிசை கீழே ஓடிவிட்டது. குரோஷா கொக்கி ஊசியால் ஏணிப்படி ஏறுகிற மாதிரி ஒவ்வொன்றாகத் தூக்கினேன். அன்று மத்தியானம் மின்சாரம் போயிருந்தது, ஜன்னல் திரையை விரலகலம் விலக்கி அந்த வெளிச்சக் கீற்றில் உட்கார்ந்து செய்தேன். வியர்த்துக் கொட்டியது, ஆனாலும் எழுந்திருக்க மனம் வரவில்லை.

போர்வை சீட்டோடு அலமாரிக்குள் போய்விட்டது. மேல்சட்டையை மட்டும் பிரிக்க மாட்டேன். தூங்க அதைவிட வசதியான சட்டை என்னிடம் இல்லை.