டிஸ்னி வேர்ல்டில் ஆறு பேர் தங்க: உள்ளேயா, வெளியேயா?

அட்லாண்டா_வாசி

வணக்கம். டிசம்பர் முதல் வாரம் ஒர்லாண்டோ போகிறோம். நாங்கள் இருவர், 8 வயதிலும் 4 வயதிலும் பிள்ளைகள், ஊரிலிருந்து வந்திருக்கும் என் அப்பா அம்மா. அட்லாண்டாவிலிருந்து சொந்தக் காரில் வருவோம். ஐந்து இரவு, நான்கு நாள் பார்க். அப்பாவுக்கு முழங்கால் வலி. அரை மணிக்கு மேல் சேர்ந்தாற்போல் நடக்க முடியாது. அம்மா முட்டைகூடத் தொடமாட்டார், ஒரு வேளையாவது சோறு வேண்டும்.

பார்த்து வைத்திருக்கும் இடங்கள்: டிஸ்னிக்குள் ஆர்ட் ஆஃப் அனிமேஷன் ஹோட்டலில் ஃபேமிலி சூட், அல்லது ஆல்-ஸ்டார் ஹோட்டலில் இரண்டு அறைகள்; டிஸ்னிக்கு வெளியே கிஸ்ஸிமியில் நீச்சல் குளத்தோடு ஒரு தனி வீடு. வீட்டு வாடகை சூட்டில் பாதிதான். இவ்வளவு வித்தியாசம் கொடுத்து உள்ளே தங்குவதில் பலன் உண்டா?

---

டாம்பா_தமிழன்

இரவு வாடகையை மட்டும் வைத்துப் பார்த்தால் வீடுதான் எப்போதும் மலிவு. முதலில் அந்த வாடகையை முழுசாக்குங்கள். சுத்தம் செய்யும் கட்டணம், குளத்தைச் சூடாக்கும் கட்டணம் (டிசம்பரில் சூடாக்காத குளத்தில் பிள்ளைகள் கால்கூட வைக்க மாட்டார்கள், நாள் கணக்கில் வாங்குவார்கள்), கிஸ்ஸிமி இருக்கும் கவுண்டியின் வரி 13.5 சதவீதம், பார்க்கில் கார் நிறுத்த நாளுக்கு 30 டாலருக்கு மேல். டிஸ்னி நடத்தும் ஹோட்டல்களில் ரிசார்ட் ஃபீ (வாடகைக்கு மேல் கட்டாயமாக வாங்கும் கட்டணம்) கிடையாது. ஹோட்டலிலும் பார்க்கிலும் பார்க்கிங் இலவசம். அறை வாடகைக்கு வரி மட்டும் சேரும்.

இதையெல்லாம் கூட்டிய பிறகும் வீடு கொஞ்சம் மலிவாகவே வரலாம். ஆனால் உங்கள் குடும்பத்துக்கு முடிவு செய்ய வேண்டியது மதிய வேளையை வைத்து. 4 வயதுக் குழந்தையும் முழங்கால் வலி உள்ளவரும் காலை 8:30 முதல் இரவு வாணவேடிக்கை வரை தாங்கமாட்டார்கள். ஒரு மணிக்கு அறைக்குத் திரும்பி, படுத்து எழுந்து, ஐந்து மணிக்கு மறுபடி போவதுதான் சரிப்பட்டு வரும். அது முடிகிற இடத்தில் தங்குங்கள்.

வெளியிலிருந்து வருகிறவர்கள் மேஜிக் கிங்டமில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அந்தப் பார்க்கின் கார் நிறுத்துமிடம் வாசலில் இல்லை, ஏரிக்கு அக்கரையில் டி.டி.சி. (டிக்கெட் அண்ட் டிரான்ஸ்போர்டேஷன் சென்டர்) என்கிற இடத்தில் இருக்கிறது. காரை நிறுத்தி, டிராம் ஏறி அல்லது நடந்து, சோதனை முடித்து, மோனோரயிலிலோ பெரிய படகிலோ ஏரியைத் தாண்டினால்தான் கேட். இதற்கே 30, 40 நிமிடம் ஆகும். ஊபர் பிடித்தாலும் டி.டி.சி.யில்தான் இறக்கிவிடுவார்கள். அதோடு கிஸ்ஸிமி பக்கத்து 192 சாலை நெரிசலையும் சேர்த்தால் வீட்டிலிருந்து கேட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல். போக வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் போய்விட்டால் மதிய ஓய்வு என்பதே இல்லை.

டிஸ்னி ஹோட்டல் பஸ் மேஜிக் கிங்டம் கேட்டுக்குப் பக்கத்திலேயே இறக்கிவிடும். அதனால் உள்ளே தங்கினாலும் அந்தப் பார்க்குக்குக் காரை எடுக்காதீர்கள், பஸ்ஸில் போங்கள். அனிமல் கிங்டமுக்கு மட்டும் காரில் போகலாம், நிறுத்துமிடம் கேட்டுக்கு முன்னாலேயே இருக்கிறது.

இன்னும் இரண்டு பலன்கள். ஹோட்டல் விருந்தினருக்கு எல்லா நாளும் நான்கு பார்க்கிலும் 30 நிமிடம் முன்னதாக நுழைவு. மேஜிக் கிங்டமில் அந்த நேரத்தில் ஃபேண்டஸிலேண்டும் டுமாரோலேண்டும்தான் திறந்திருக்கும்; உங்கள் பிள்ளைகளின் வயதுக்கு ஃபேண்டஸிலேண்ட்தான் வேண்டும். பீட்டர் பான், செவன் ட்வார்ஃப்ஸ் சவாரிகள் இரண்டையும் அங்கேயே முடித்துவிடலாம். அடுத்தது லைட்னிங் லேன், அதாவது சவாரிகளில் நீண்ட வரிசையைத் தவிர்க்கக் காசு கொடுத்து வாங்கும் பாஸ்: உள்ளே தங்குகிறவர்கள் செக்-இன் நாளுக்கு 7 நாள் முன்பு காலை 7 மணிக்குத் தங்கும் நாட்கள் முழுவதுக்கும் வாங்கலாம். மற்றவர்களுக்கு ஒவ்வொரு பார்க் நாளுக்கும் 3 நாள் முன்புதான் திறக்கும். நல்ல நேரங்கள் அதற்குள் போயிருக்கும்.

---

கோடைமழை

அறைகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஆர்ட் ஆஃப் அனிமேஷன் சூட்டில் கதவோடு ஒரு படுக்கையறை, அதில் குயின் கட்டில். ஹாலில் சாப்பாட்டு மேசையே கட்டிலாக மடிந்து இறங்கும், சோஃபாவும் கட்டிலாக விரியும். குளியலறை இரண்டு. கதவுள்ள அறையை அப்பா அம்மாவுக்குக் கொடுத்துவிடுங்கள். சோஃபா கட்டில் முதுகுக்கும் முழங்காலுக்கும் ஆகாது, தாழ்வாகவும் இருக்கும். ராத்திரி மேசையை இறக்கிவிட்டால் உட்கார்ந்து சாப்பிட இடம் இருக்காது, அதனால் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கட்டிலைப் போடுங்கள்.

புக் செய்யும்போது நீமோ, கார்ஸ், லயன் கிங் இந்த மூன்றில் ஒன்றா என்று பாருங்கள். லிட்டில் மெர்மெய்டு என்று இருப்பது நால்வருக்கான சாதாரண அறை, மையக் கட்டடத்திலிருந்து கடைசியில் இருக்கிறது. அப்பாவுக்கு நடை குறைய வேண்டுமென்றால் நீமோ, உணவுக்கூடமும் பெரிய குளமும் பக்கம்.

ஆல்-ஸ்டாரில் இரண்டு அறை என்றால் நான்கு கட்டில், இரண்டு குளியலறை, இரண்டு கதவு. நல்ல ஏற்பாடுதான், இடையில் கதவு இருக்கிற இணைப்பு அறைகளாக அமைந்தால். புக் செய்யும்போதே அது உறுதியா, வெறும் கோரிக்கையா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். கோரிக்கை மட்டும் என்றால் ஒரே மாடியில் எதிரெதிர் மூலையில் விழுந்துவிடும். இன்னொன்று, ஆல்-ஸ்டார் மியூசிக்கில் ஆறு பேருக்கான ஃபேமிலி சூட்டுகளே இருக்கின்றன, அவற்றிலும் இரண்டு குளியலறை. பெரும்பாலும் ஆர்ட் ஆஃப் அனிமேஷனைவிடக் குறைவாக இருக்கும். பலர் அதைத் தேடிப் பார்ப்பதே இல்லை.

வித்தியாசம் போக்குவரத்தில்தான். ஆல்-ஸ்டாருக்கு எல்லாமே பஸ். ஆர்ட் ஆஃப் அனிமேஷனுக்கு ஸ்கைலைனர் என்கிற கேபிள் கார் உண்டு: கரீபியன் பீச் ஹோட்டல் நிலையத்தில் இறங்கி மாறி ஏறினால் எப்காட், ஹாலிவுட் ஸ்டூடியோஸ் பார்க் இரண்டுக்கும் போகலாம். மேஜிக் கிங்டமுக்கும் அனிமல் கிங்டமுக்கும் இங்கிருந்தும் பஸ்தான். ஸ்கைலைனர் கேபின் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருக்கும்போது ஏற வேண்டும். முழங்கால் வலி என்று ஊழியரிடம் சொன்னால், நின்ற கேபினில் ஏற்றும் தனிப் பாதைக்கு அனுப்புவார்கள். தயங்காமல் கேளுங்கள். மின்னல் அடித்தால் ஸ்கைலைனர் நின்றுவிடும். டிசம்பரில் அந்தத் தொல்லை கோடையைவிட மிகக் குறைவு.

தள்ளுவண்டியை ஸ்கைலைனரிலும் மோனோரயிலிலும் மடிக்க வேண்டாம், பஸ்ஸில் மடித்தே ஆக வேண்டும். தூங்கும் குழந்தை, மடித்த வண்டி, பை என்று மூன்றையும் ஒருவர் தூக்க முடியாது. ஒரு கையில் மடிகிற இலகு வண்டியாக எடுங்கள். அகலம் 31 அங்குலம், நீளம் 52 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும்.

அப்பாவுக்குச் சக்கர நாற்காலி கட்டாயம். பார்க்கில் வாடகைக்கு எடுப்பதை அந்தப் பார்க்குக்கு வெளியே கொண்டுபோக முடியாது, பஸ் நிறுத்தத்திலிருந்து அறை வரை நடைதான். வீட்டில் மடக்கு நாற்காலி இருந்தால் காரிலேயே போட்டுக்கொண்டு வாருங்கள்.

---

அட்லாண்டா_வாசி

இருவருக்கும் மிக்க நன்றி. டி.டி.சி. விஷயம் எங்களுக்குத் தெரியவே தெரியாது. இப்போது சூட் பக்கம்தான் சாய்கிறோம். அம்மாவின் சாப்பாடு மட்டும்தான் கவலை. சூட்டில் குக்கர் வைக்க முடியுமா?

---

புளியோதரை

முடியாதுங்க. சூட்டில் இருப்பது சின்ன ஃப்ரிட்ஜ், மைக்ரோவேவ், சிங்க், காபி மேக்கர். அடுப்பு கிடையாது, நாமே மின் அடுப்பு கொண்டுபோய் அறையில் வைப்பதும் கூடாது.

மைக்ரோவேவிலேயே சோறு நன்றாக வரும். ஒரு கப் சோனா மசூரியை 20 நிமிடம் ஊறவைத்து, இரண்டேகால் கப் தண்ணீர் ஊற்றி, மூடாமல் முழுச் சூட்டில் 10 நிமிடம். பிறகு தட்டு போட்டு மூடி, பாதிச் சூட்டில் 5 நிமிடம், அப்படியே 5 நிமிடம் விட்டுவிடுங்கள். பாத்திரம் அரிசியும் தண்ணீரும் சேர்ந்த அளவைப்போல மூன்று மடங்கு ஆழமாக இருக்கட்டும். சின்னக் கிண்ணத்தில் வைத்தால் கஞ்சி பொங்கித் தட்டெல்லாம் வழியும், சோறும் விறைத்துப்போகும். மைக்ரோவேவில் வைக்கத் தகுந்த பெரிய பிளாஸ்டிக் பாத்திரம் ஒன்றை வீட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், நெய், வறுத்த அப்பளம் இருந்தால் ஐந்து நாள் ஓடிவிடும். பாலும் தயிரும் மட்டும் அங்கே வாங்கிக்கொள்ளலாம்.

பார்க்குக்குள் வெளிச் சாப்பாடு கொண்டுபோக அனுமதி உண்டு. கூலர் பை 24 x 15 x 18 அங்குலத்துக்குள் இருக்கணும். உதிரி ஐஸ் கூடாது, ஜெல் ஐஸ் பேக் வையுங்க. கண்ணாடி பாட்டிலும் கூடாது, ஊறுகாயைப் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றிடுங்க. தயிர்சாதத்துக்குக் காலையில் பால் அதிகமாகவும் தயிர் ஒரு கரண்டியும் விட்டுக் குழையப் பிசைந்தால் மதியம் புளிக்காமல் சரியாக இருக்கும்.

உணவகங்களில் "வெஜிடேரியன்" என்று கேட்டால் முட்டை இருக்கலாம். மெனுவில் இலைக் குறி போட்ட "பிளான்ட்-பேஸ்டு" வகைகளில் முட்டை, பால், தேன் எதுவும் இருக்காது. அம்மாவுக்கு அதைக் காட்டி வாங்குங்க. ஒரு நாளாவது அனிமல் கிங்டம் லாட்ஜ் ஹோட்டலில் கிடானி வில்லேஜ் பகுதியிலுள்ள சனா உணவகத்துக்குக் கூட்டிப்போங்க. நாண் முதலான ரொட்டிகளும் ஒன்பது வகைத் தொட்டுக்கைகளும் வரும், ஜன்னலுக்கு வெளியே ஒட்டகச்சிவிங்கி மேயும். டேபிளுக்கு 60 நாள் முன்பே பதிவு திறக்கும்.

முழுச் சமையலறைதான் வேண்டும் என்றால் உள்ளேயே ஃபோர்ட் வில்டர்னஸ் கேபின் இருக்கு. 2024இல் புதிதாகக் கட்டியது, ஆறு பேர் தங்கலாம், மேஜிக் கிங்டமுக்குப் படகு. ஆனால் ஆறு பேருக்கு ஒரே குளியலறை. காலை 7 மணிக்கு அது பெரிய சிக்கல். அங்கே தாளிக்கும்போது புகைபோக்கி விசிறியை முதலில் போட்டுவிட்டுக் கடுகைப் போடுங்க. புகை அலாரம் ரொம்பச் சீக்கிரம் அலறும்.

---

ஐ4_பயணி

வெளியே தங்குவதை ஒரேயடியாகத் தள்ளிவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஏழு இரவுக்கு மேல், இரண்டு குடும்பம் சேர்ந்து, பார்க் இரண்டு மூன்று நாள்தான் என்றால் வீடுதான் சரி. அப்போது தேட வேண்டியது தரைத்தளத்திலேயே குளியலறையோடு ஒரு படுக்கையறை. அந்தப் பக்க வீடுகள் பலவற்றில் படுக்கையறைகள் மாடியில் இருக்கும், பெரியவர்களுக்கு ஆகாது. தூரத்தை "டிஸ்னிக்கு 10 நிமிடம்" என்ற விளம்பரத்தை நம்பிப் பார்க்காதீர்கள். வரைபடத்தில் டி.டி.சி.யைப் போட்டு, ஒரு வார நாள் காலை 7:45க்கு எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். டேவன்போர்ட், சாம்பியன்ஸ்கேட் பக்கமென்றால் ஐ-4 நெடுஞ்சாலையில்தான் வர வேண்டும், அங்கே நெரிசல் நாள் முழுக்க.

இடைப்பட்ட வழியும் இருக்கிறது. பானட் கிரீக் பகுதி டிஸ்னி நிலம் சுற்றிலும் சூழ்ந்த இடம். அங்கே சமையலறை, துணி துவைக்கும் இயந்திரத்தோடு இரண்டு படுக்கையறைக் காண்டோக்கள் (அடுக்குமாடி வீடுகள்) கிடைக்கும். பார்க்கிங், ரிசார்ட் கட்டணங்கள் உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முன் நுழைவு அங்கே எல்லா இடத்துக்கும் கிடையாது. பானட் கிரீக்கிலுள்ள ஹில்டன் சிக்னியா, டிஸ்னி ஸ்பிரிங்ஸ் பக்கத்துச் சில ஹோட்டல்கள் போன்றவற்றுக்கு மட்டும் 30 நிமிடச் சலுகை உண்டு.

---

டாம்பா_தமிழன்

பானட் கிரீக் நல்ல யோசனைதான், ஆனால் மேஜிக் கிங்டமுக்குக் காரில் போனால் அங்கிருந்தும் அதே டி.டி.சி.தான். ஐந்து இரவுக்கு நான் சூட்டையே சொல்வேன்.

புக் செய்யும்போது "ரூம் ஒன்லி" என்று அறையைத் தனியாகப் போடுங்கள். ஒரு இரவு வாடகைதான் முன்பணம், வருவதற்கு ஆறு நாள் முன்பு வரை ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்ப வரும். டிக்கெட்டோடு சேர்த்த பேக்கேஜ் என்றால் 30 நாளுக்கு முன்பே முடிவெடுத்தாக வேண்டும். பெரியவர்கள் உடல்நிலை எப்படி இருக்குமோ, கடைசி வாரம் வரை கையில் வழி இருக்கட்டும். இப்போதே போட்டு வைத்துவிட்டு, தள்ளுபடி அறிவித்தால் அதே அறையை அந்த விலைக்கு மாற்றச் சொல்லுங்கள். இடம் மிச்சமிருந்தால் மாற்றிக் கொடுப்பார்கள். தேடும்போது ஆறு பேரையும் வயதோடு போடுங்கள். சாதாரண அறைகளில் பெரியவர்கள் இருவருக்கு மேல் போனால் இரவுக்கு இவ்வளவு என்று கூடுதல் சேரும், அதை முதலிலேயே பார்த்துவிடலாம்.

நாட்களை அடுக்கும்போது மேஜிக் கிங்டமின் கிறிஸ்துமஸ் பார்ட்டி இரவுகளைப் பாருங்கள். அன்று தனி டிக்கெட் இல்லாதவர்களுக்கு மாலை 6 மணியோடு பார்க் முடிந்துவிடும், அதனால் பகலில் கூட்டம் குறையும். சவாரிகளுக்கு அப்படியொரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். வாணவேடிக்கையை எப்காட்டில் பார்த்துவிட்டு ஸ்கைலைனரிலேயே அறைக்குத் திரும்பலாம். கலைந்து வரும் கூட்டத்தில் ஸ்கைலைனர் வரிசை நீளமாக இருக்கும், ஆனால் நகர்ந்துகொண்டே இருக்கும். அப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடியே வரலாம்.