அனுமன் எறிந்தாரா, கை நழுவியதா? தீர்த்தமலைத் தலவரலாறு குறித்த விவாதம்

பெண்ணைக்கரையான்:
தருமபுரி மாவட்டத்துத் தீர்த்தமலையைப் பற்றி அரூர் நண்பர் ஒருவர் நேற்று இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. இராவண வதம் முடித்துத் திரும்பிய இராமபிரான் இம்மலையில் சிவபூசை செய்ய எண்ணினார், காசியிலிருந்து கங்கை நீர் கொண்டுவர அனுமனை அனுப்பினார், அனுமன் வரத் தாமதமானதால் பாறையில் அம்பு எய்து நீர் வரவழைத்துப் பூசையை முடித்தார் என்பது வரை நம் பக்கத்துக் குழந்தைக்கும் தெரிந்த கதைதான். அதற்குமேல் அவர் எழுதிய வரியைப் பாருங்கள்: 'தாமதமாக வந்த அனுமன் கோபத்தில் கமண்டலத்தை எறிந்தார், அது விழுந்த இடமே அனுமன்தீர்த்தம், பூசைக்குப் பயன்படாமல் போன நீர் அது.' தன் ஆண்டவன் முன்னிலையில் அனுமன் கோபம் கொண்டார் என்று எழுத எப்படிக் கை வந்தது? கமண்டலம் கை நழுவி விழுந்தது என்றுதான் என் பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். எறிந்தார் என்ற சொல்லை அவர் திரும்பப் பெற வேண்டும்.

அரூர்வாசி:
எழுதியவன் நான்தான், பெயர் சொல்லியே கேட்டிருக்கலாம். மலைக்கோயிலின் தீர்த்தகிரீசுவரர் சன்னதியில் நின்று கதை கேட்ட எவரும் எறிந்தார் என்றே சொல்வார்கள். கை நழுவிய பாத்திரம் காலடியில்தான் விழும். மலையிலிருந்து அத்தனை தொலைவு தள்ளி, தென்பெண்ணை ஆற்றில் போய் விழுந்தது என்றால் அதை எறிந்திருக்க வேண்டும் என்பது எண்ணிப் பார்த்தாலே விளங்கும்.

பெண்ணைக்கரையான்:
எண்ணித்தான் பார்த்தேன், நீங்கள்தான் வரைபடத்தை எடுத்துப் பார்க்கவில்லை. அனுமன் எங்கிருந்து வருகிறார்? வடக்கே காசியிலிருந்து வருகிறார். தென்பெண்ணை எங்கே ஓடுகிறது? தீர்த்தமலைக்கு வடக்கே ஓடுகிறது. ஊத்தங்கரையிலிருந்து அரூருக்குப் பேருந்தில் போகிறவர் ஆற்றைக் கடந்து போவதைப் போலவே, வடக்கிலிருந்து வானில் வருகிறவரும் முதலில் ஆற்றைக் கடந்துதான் மலைக்கு வந்தாக வேண்டும். ஆற்றின் மேலே விரைந்து வரும்போது கை நழுவியது, நீர் ஆற்றில் விழுந்தது. இதில் எறிவதற்கு எங்கே இடம் இருக்கிறது?

தகடூர் மாணவன்:
இருவரும் பொறுத்தருள வேண்டும். வான்மீகியிலும் கம்பனிலும் இராமன் இலங்கையிலிருந்து புட்பக விமானத்தில் அயோத்திக்குத் திரும்புகிறான், இம்மலையில் இறங்கிப் பூசை செய்ததாக அங்கே இல்லை. இராமேசுவரத்தில் இலிங்கம் கொண்டுவரப் போன அனுமன் தாமதித்ததால் சீதை மணலில் இலிங்கம் பிடித்தாள் என்ற கதையின் சாயலும் இதில் தெளிவாகத் தெரிகிறது. மலைக்கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன, அவை வரலாறு. தலவரலாறு வேறு வகை. எந்த வகையைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் வரையறுத்துக்கொண்டால் எறிந்தாரா, நழுவியதா என்ற கேள்வியே எழாது.

அரூர்வாசி:
சாயல் என்றால் என்ன பொருள், தம்பி? எங்கள் மலைக்கதை இராமேசுவரத்தைப் பார்த்து எழுதிய நகல் என்கிறீர்களா? 15-ஆம் நூற்றாண்டில் அருணகிரிநாதரே திருப்புகழ் பாடிய தலம் இது. கல்லூரியில் நான்கு நூல்களைப் புரட்டிவிட்டு ஊர்ப் பெரியவர்களின் வாய்மொழியைத் தள்ளுவது இப்போது வழக்கமாகிவிட்டது.

தகடூர் மாணவன்:
நகல் என்ற சொல்லை நான் எழுதவே இல்லை. மேலே சென்று மீண்டும் படியுங்கள்.

பெண்ணைக்கரையான்:
தம்பி இராமேசுவரத்தை நினைவூட்டியது நல்லதாயிற்று. அங்கே அனுமன் தாமதமாகக் கொண்டுவந்த விசுவலிங்கத்தை யாரும் ஒதுக்கிவிடவில்லை, இன்றளவும் முதல் பூசை அதற்குத்தான் நடக்கிறது. அப்படியிருக்க, அதே அனுமன் கொண்டுவந்த கங்கையைப் 'பயன்படாமல் போன நீர்' என்று எழுத அரூர்வாசிக்கு யார் உரிமை கொடுத்தார்கள்? அனுமன்தீர்த்தத்தில் முதலில் நீராடிவிட்டு அதன் பிறகே மலையேறி இராமர் தீர்த்தத்தில் நீராட வேண்டும் என்று நம் முன்னோர் முறை வைத்திருக்கிறார்கள். பயன்படாத நீருக்கு எவராவது முதலிடம் கொடுப்பார்களா? தருமபுரி கோட்டைக் கோயிலின் தொங்கும் தூணைப் பற்றி விவாதம் வந்தபோதும் இவர் இப்படித்தான் பாதிக் கதையை எழுதி என்னை முட்டாளாக்கப் பார்த்தார். அதை நான் மறக்கவில்லை.

அரூர்வாசி:
தூணின் அடியில் துணியை விட்டு இழுத்தால் மறுபக்கம் வரும் என்று மட்டும்தான் அன்று எழுதினேன், அதில் பாதி எது, முழுமை எது? உங்கள் உண்மையான வருத்தம் வேறு. 2004-இல் அனுமன்தீர்த்தம் இருக்கும் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்ததிலிருந்து அனுமன்தீர்த்தம் எங்களுடையது, தீர்த்தமலை உங்களுடையது என்று கோடு போட்டுப் பேசுகிறீர்கள். அதற்கு முன்பு இரண்டும் ஒரே தருமபுரி மாவட்டம்தான், 1965-க்கு முன்பு எல்லாமே சேலம். அனுமன் எந்த மாவட்டத்துக்காரர் என்று கேட்டா கங்கை நீரைக் கொண்டுவந்தார்? உங்கள் ஆற்றின் இன்றைய நிலையையும் பாருங்கள். ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கும் அதே தென்பெண்ணைதான் கீழே வருகிறது. மலைமேல் பாறை இடுக்கிலிருந்து விழும் இராமர் தீர்த்தத்தை அதோடு சேர்த்துப் பேச எனக்கு மனம் வரவில்லை.

தீர்த்தமலை மருமகள்:
ஐயா, நீங்கள் இருவரும் மலையேறி எத்தனை ஆண்டுகள் ஆயின என்று தெரியவில்லை, நான் போன வாரம்தான் ஏறினேன். படியேறி வியர்த்துப்போய் இராமர் தீர்த்தத்தின் கீழே நின்றால், அண்ணாந்து பார்க்கும் உயரத்திலிருந்து விழும் நீர் உச்சந்தலையில் பட்டதும் மூச்சே ஒரு நொடி நின்றுவிடுகிறது. அத்தனை குளிர்ச்சி. எனக்குப் பின்னால் ஒரு வயதான தாயார் இரண்டு லிட்டர் பாட்டிலை ஏந்திப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். காற்றில் நீர்த்தாரை அலைந்துகொண்டே இருந்ததால் பாட்டில் நிறையக் கால் மணி நேரம் ஆயிற்று, அவர்கள் நகரவே இல்லை. இராமர், குமாரர், கௌரி, அகத்தியர், அக்கினி என ஐந்து தீர்த்தங்கள் மலைமேல் இருக்க, ஒரு கமண்டலத்துக்காக இவ்வளவு பேசுகிறீர்களே. எங்கள் மாமியார் சொல்லும் கதையில் அனுமன் எறியவும் இல்லை, கை நழுவவும் இல்லை. காலால் உதைத்தார் என்றுதான் சொல்வார்கள்.

பெண்ணைக்கரையான்:
அம்மா, உதைத்தாரா? கங்கை நீரையா? உங்கள் மாமியார் மீது எனக்கு மரியாதை உண்டு, ஆனால் இது எறிந்தார் என்பதைவிடப் பெரிய அபசாரம்.

அரூர்வாசி:
உதைத்தார் என்பதை நானும் ஏற்கவில்லை. எறிந்தார் என்பதே சரி.

தகடூர் மாணவன்:
கமண்டலமா, குடமா என்பதில்கூட வேறுபாடு இருக்கும்போது, எந்த வடிவத்தை வைத்து எது சரி என்று முடிவு செய்கிறீர்கள்?

தீர்த்தமலை மருமகள்:
மாமியாரின் கதையை அபசாரம் என்று சொல்வதற்கு முன் ஒருமுறை யோசித்திருக்கலாம், ஐயா. எண்பது வயதில் இன்றும் மலைக்கோயில் அம்மன் வடிவாம்பிகையை நினைக்காமல் ஒரு வாய்ச் சோறு உண்ணாதவர்கள் அவர்கள்.

பெண்ணைக்கரையான்:
மாமியாரைக் குறை சொல்லவில்லை, அந்தச் சொல்லைத்தான் சொன்னேன். நான் எதற்காக இத்தனை முறை எழுதுகிறேன் என்று புரிந்துகொள்ளுங்கள். ஆடிப் பதினெட்டு அன்று அனுமன்தீர்த்தத்துக்கு வந்து பாருங்கள். ஊர் ஊராகச் சாமிகளைத் தலையில் சுமந்து, பம்பை முழங்க ஆற்றில் இறக்கி நீராட்டுவார்கள். மஞ்சளும் குங்குமமும் கரைந்து கரையோர நீரே நிறம் மாறிவிடும். பக்கத்து மாவட்டங்களிலிருந்தெல்லாம் சனம் வந்து சேரும். கங்கையின் ஒரு துளி இங்கே கலந்திருக்கிறது என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் இவர்கள் ஏன் வர வேண்டும்? 2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டியது. வெள்ளம் வடிந்த பிறகு நான் போனபோது கரை முழுவதும் சேறு. அந்தச் சேற்றிலும் முழங்கால் புதைய இறங்கி, நீரை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்ட மனிதரை என் கண்ணால் பார்த்தேன். நுரை பொங்குகிறது என்று அரூர்வாசி எழுதுகிறார். அது மேலே கழிவைக் கலப்பவர்கள் செய்யும் பாவம், ஆற்றின் குற்றமல்ல. ஆறு கெட்டது என்பதற்காக அனுமனின் நீரும் கெட்டது என்றா சொல்வது? கோபத்தில் எறிந்தது என்று எழுதினால், அந்த மனிதர் தெளித்துக்கொண்டது அனுமனின் கோபமா, கங்கையா? இதற்கு இதுவரை ஒருவரும் பதில் சொல்லவில்லை.

அரூர்வாசி:
கங்கைதான். அதை நான் எங்கே மறுத்தேன்? எறிந்த கங்கையும் கங்கைதான். ஆனால் நடந்ததை நடந்தபடி எழுதுவேன், திருத்த மாட்டேன்.

தகடூர் மாணவன்:
நடந்ததை நடந்தபடி என்பதற்கு என்ன சான்று என்றுதான் தொடக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அரூர்வாசி:
தம்பி, முதலில் ஒருமுறை மலையேறிவிட்டு வாருங்கள், பிறகு சான்று கேட்கலாம்.

பெண்ணைக்கரையான்:
அரூர்வாசி, வரும் ஆடிப் பதினெட்டுக்கு அனுமன்தீர்த்தம் வாருங்கள், நானே உங்களை ஆற்றில் இறக்கிவிடுகிறேன். இடுப்பளவு நீரில் நின்று, சுற்றிலும் சாமி சுமந்து நிற்கும் சனத்தைப் பார்த்துக்கொண்டு, எறிந்தார் என்ற அந்த ஒரு சொல்லை வாய்விட்டுச் சொல்லுங்கள். நானும் பக்கத்தில்தான் நிற்பேன்.